பூட்டிய வாயின் நன்றி

மாலை ஜெபத்தில் என் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நோய் தெரிந்தது.

எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்குப் பெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ரூத். கல்யாணமான புதிதில் பெரிய பஞ்சம் வந்தது. அரிசியும் இல்லை, மாவும் இல்லை. மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்ற காலம். அப்போது நானும் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் அவர் சலித்துக்கொண்டார்.

“ஸ்தோத்திரம் சொல்லு, ஸ்தோத்திரம் சொல்லுங்கிற. என்னத்துக்குன்னு சொல்றது எஸ்தரு?”

நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. “இன்னைக்கி என்னைய ஒரு அட்டகூட கடிக்கலங்க. அதுக்குச் சொல்லுவோம்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பசித்த வயிற்றோடு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாலை ஜெபத்தில் ஆளுக்கு ஒரு நன்றி. அது அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது. ‘சுகம் பெலன் தந்தீரே’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது.

செய்து பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு கஷ்டமென்று. மாலையில் சொல்ல ஒன்று வேண்டுமே என்று பகலெல்லாம் கண் தேடும். மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் பன்னச்செடியின் இலை சுருண்டு முளைத்திருப்பதையும், மஞ்சு விலகி எதிர்மலை சட்டென்று பக்கத்தில் வந்து நிற்பதையும் அப்படித்தான் நான் பார்க்கக் கற்றேன். அதெல்லாம் முன்பும் இருந்ததுதான். எனக்குத்தான் பார்க்கக் கண் இல்லாமல் இருந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். நான் அப்போது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தேன். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுப்போவார்கள். வீட்டில் ஒரு பசு வைத்திருந்தோம். மாட்டுக் கொட்டிலில் கிடந்த பழைய பலகையை மிதித்ததில் துருப்பிடித்த ஆணி ஒன்று குதிகாலில் ஏறியது. இரத்தம்கூடச் சரியாக வரவில்லை. மஞ்சளும் எண்ணெயும் சுட வைத்துப் போட்டேன், மறந்துபோனேன். காயம் ஆறிய பிறகு ஒரு நாள் தாடை விறைத்தது. பல் வலி என்று நினைத்துக் கராம்பு வைத்துக் கடித்தேன். அன்று மாலைதான் ஜெபத்தில் என் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

“அம்மா ஏன் சிரிக்கிறாங்க?” என்று ரூத் கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. முகத்துத் தசைகள் தாமாக இழுத்துக்கொண்டு நின்றன.

காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். டிஸ்பென்சர் ஐயா ஒரு மரக்குச்சியைப் பல்லிடுக்கில் விட்டுத் தொண்டையைத் தொட்டார். மற்றவர்களுக்கு அப்படித் தொட்டால் குமட்டி ஓங்காளிக்கும். என் பற்கள் குச்சியைக் கவ்விக்கொண்டன. நான் விடச் சொல்கிறேன், அவை விடவில்லை. அவர் குச்சியை அப்படியே விட்டுவிட்டு என் காலைப் பார்த்தார். “லொறிய எடுக்கச் சொல்லுங்க,” என்றார்.

மாத்தளை டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் என் நோயைப் பொறுமையாக விளக்கினார். டெட்டனஸ் என்கிற ஏற்புவலி மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு கிருமியால் வருவது. காற்றுப் படாத ஆழமான சின்னக் காயம்தான் அதற்கு வசதி. அங்கே இருந்துகொண்டு அது ஒரு விஷத்தை விடும். நம் உடம்பில் ஒரு தசை இறுகினால் அதைத் தளர்த்தவும் நரம்பில் ஒரு கட்டளை வரும். அந்தத் தளர்த்தும் கட்டளையைத்தான் விஷம் தடுத்துவிடுகிறது. அதனால் இறுகியது இறுகியபடியே நிற்கும். முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு, வயிறு. மூச்சுவிடும் தசைகளும் பூட்டிக்கொண்டால் ஆள் தங்காது. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும்.

குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த மாற்று மருந்தை முதலில் தோலுக்கடியில் ஒரு துளி போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டதும் முழுவதும் போட்டார்கள். குதிகாலைத் திறந்து கழுவினார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குப் போனது. பாலும் கஞ்சித் தண்ணீரும் அதில்தான். பிறகு என்னை வார்டின் கோடியில் இருந்த ஒரு சின்ன அறைக்குக் கொண்டுபோய், ஜன்னலில் கறுப்புத் துணி அடித்தார்கள். வெளிச்சம், சத்தம், ஒரு விரல் மேலே படுவது, எதுவானாலும் போதும், உடம்பு முழுவதும் ஒரே இழுப்பாக இழுத்துவிடும். முதல் நாளே வெளியே யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். என் முதுகு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்மண்டையும் மட்டும் படுக்கையில் பட்டன. பிரசவ வலி தெரிந்தவள் நான். அதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயர் சோமா. நாவுலவைச் சேர்ந்த சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது குறைந்தவள். செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவாள். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டாள். தெரிந்த தமிழை மூச்சுக்காற்றால் பேசினாள்.

“பயப்பட வேணாம் அக்கே. நான் வெளியதான் இருக்கிறது.”

வீட்டுக்காரர் வேலை முடிந்து பஸ் பிடித்து வருவார். தொடக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் கெஞ்சிக் கேட்டதில் ஒரே ஒரு வரி சொல்ல அனுமதி கிடைத்தது. கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். எழும்பிப் போகும் முன் குனிந்து முணுமுணுப்பார்.

“பசு கன்னு போட்டிருச்சு. கிடேரி. ஸ்தோத்திரம்.”

மறுநாள்: “ரூத்து தானா ரொட்டி சுட்டா. கருகல. ஸ்தோத்திரம்.”

எனக்கோ எதற்கும் நன்றி வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொல்வது கேட்டு எரிச்சல்தான் வந்தது. உயிரோடு ஒரு பிணம்போலக் கிடக்கிறேன், இவருக்குக் கன்றுக்குட்டி. இத்தனை வருடம் தேடித் தேடிச் சொன்னேனே, அதற்கு இதுதானா பலன் என்று ஆண்டவரிடம் கேட்டேன். வாய் பூட்டியிருந்ததால் அது அவருக்கு மட்டும் கேட்டது.

கறுப்புத் துணியில் ஓர் ஆணித் துளை இருந்தது. வெயில் ஏறியதும் அந்தத் துளை வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்து, மங்கலாக ஒரு படம் தெரிந்தது. முதலில் அது மருந்து மயக்கம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், தலைகீழாக ஒரு மரம், தலைகீழாக வீதி. அதில் மனிதர்கள் தலை கீழே தொங்க நடந்துபோனார்கள். குடை பிடித்த ஒருத்தி, சைக்கிள்காரன், ஒரு பஸ். வெளியே நடப்பதுதான் அந்தச் சின்னத் துளைக்குள் நுழைந்து புரண்டு என் சுவருக்கு வந்தது. சத்தம் இல்லை, கண் கூசும் வெளிச்சமும் இல்லை. எனக்கு ஆகாததையெல்லாம் கழித்துவிட்டு உலகத்தை அனுப்பியதுபோல இருந்தது. நன்றி என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காலையில் வெயிலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

ஒரு நாள் அந்தச் சுவரில் ஆட்களே இல்லை. வெறும் வீதி. கொஞ்ச நேரத்தில் கறுப்பாக ஒன்று மேலிருந்து கீழே ஊற்றுவதுபோல இறங்கியது. தலைகீழ்ப் படம் என்பதால் அது புகை என்று விளங்க நேரம் பிடித்தது. தூரத்தில் படபடவென்று வெடித்தது. உடம்பு இழுத்தது. சோமா ஓடிவந்து ஊசி போட்டாள். என் காதில் பஞ்சை அடைத்தாள். கதவின் கீழிடுக்கில் போர்வையைச் சுருட்டி வைத்தாள். சுவரைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள். ஒரு துண்டு பிளாஸ்திரியை எடுத்துத் துளைமேல் ஒட்டினாள்.

“பன்சலையில பெரஹெர அக்கே. வெடி போடுறாங்க.” புத்த கோயிலில் திருவிழா ஊர்வலமாம்.

பஞ்சு அடைத்த காதிலும் சில சத்தங்கள் நுழைந்தன. வெளியே நிறையப் பேர் ஓடுவது, முனகல், ஒரு பெண்ணின் அழுகை. டொக்டர் கதவுக்கு அப்பால் சிங்களத்தில் பேசியதும் கேட்டது. இழுப்பு இன்னும் கூடினால் கண்டிக்கு அனுப்பித் தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டும், ஆனால் இப்போது எந்த வண்டியும் போகாது என்றார். ஏன் போகாது என்று அவர் சொல்லவில்லை. சோமா வீட்டுக்குப் போகவே இல்லை. என் வாயில் ஊறும் எச்சிலை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தாள். விழுங்க முடியாதவளுக்குச் சொந்த எச்சிலே எமன். அது மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் முடிந்தது.

வீட்டுக்காரரை அன்று காணவில்லை. மாலை என்று நான் கணக்கிட்ட நேரத்தில் சோமா குனிந்தாள்.

“உங்க மாத்தயா வந்தது. நீங்க நித்திரை. சொல்லச் சொன்னது: தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. ஸ்தோத்திரம்.”

ஸ்தோத்திரம் என்ற சொல் அவள் வாயில் புரளவில்லை. உடைந்து உடைந்து வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தம்பி கிடையாது. யாரையோ சொல்லியிருப்பார், இவள் மாற்றிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளும் அவரைக் காணவில்லை. சோமா குனிந்தாள்.

“மாத்தயா வந்தது. சொன்னது: வயலுக்குத் தண்ணி வந்திட்டது. ஸ்தோத்திரம்.”

எங்களுக்கு ஏது வயல்? செங்குத்தான மலையில் தேயிலை. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கீரை. தேவசகாயம் தன் பிறப்பில் ஒரு நாள்கூட வயலில் இறங்கியதில்லை.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வரவில்லை. முந்தின நாளும் வரவில்லை. வெளியே நடப்பது பெரஹெர இல்லை. அவரும் பிள்ளையும் இருக்கிறார்களோ இல்லையோ, அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை. அழுகை நெஞ்சுக்குள் கிளம்பியதும் முதுகு இறுகத் தொடங்கியது. அழுதால் இழுக்கும், இழுத்தால் மூச்சு நிற்கும். அழவும் முடியாத இடத்தில் என்னதான் செய்வது? கண்ணை இறுக மூடித் திறந்தேன். சோமாவின் கைநகத்தில் கிருமிநாசினி மணம் அடித்தது. களைப்பில் அவள் தலை ஒரு பக்கம் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. இந்தப் பெண் யார் எனக்கு? எங்கள் ஜெபம் அவளுடையதல்ல. ஆனால் நாள் முடியும் முன் எனக்கு ஒரு நன்றி வந்து சேர வேண்டும் என்பதைக் கவனித்து வைத்து, எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து தருகிறாள்.

‘ஆண்டவரே, இவ பொய் சொல்றா. அதுக்கு ஸ்தோத்திரம்’ என்றேன் மனதுக்குள். அந்த அறையில் நான் சொன்ன முதல் நன்றி அதுதான். பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நெஞ்சு இறங்கி ஏறுவதைக் கவனிக்க முடிந்தது. ஒவ்வொரு மூச்சும் உள்ளே வருவதும், என்னைக் கேட்காமலே வெளியே போவதும். இத்தனை வருட நன்றிகளில் ஒரு தடவைகூட நான் மூச்சைச் சொன்னதில்லை.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு பகலில் அவர் வந்தார். இடுப்பில் யாருடையதோ சாரம், வளர்ந்த தாடி, முழங்கை வரை முள் கீறல். உயிரோடு வந்தார். அதற்குள் என் தாடை கொஞ்சம் இளகியிருந்தது. ரூத் எங்கே என்று கண்ணால் கேட்டேன்.

“நல்லா இருக்கா. கோயில்ல, மத்த சனத்தோட இருக்கா,” என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டவுனில் தமிழர் கடைகளை எரித்திருக்கிறார்கள். எங்கள் லயத்துக்கும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, லயத்துச் சனங்களோடு ஏலக்காய்க் காட்டுக்குள் ஏறி, தூறலிலும் காற்றிலும் கிடந்திருக்கிறார். வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. பசுவும் கன்றும் போய்விட்டன.

அன்று எழும்பிப் போகும்போது அவர் எதையும் முணுமுணுக்கவில்லை. கதவில் கை வைத்தபடி நின்றார். “எனக்கு வரல எஸ்தரு,” என்றார். போய்விட்டார்.

வாய் இரண்டு விரல் அளவு திறந்த அன்று, சோமா கரண்டியால் எனக்குத் தேத்தண்ணி ஊட்டினாள். முதல் மிடறு தொண்டையில் இறங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குழறும் நாக்கால் கேட்டேன்.

“மிஸ்ஸி, எங்க வீட்டுல வயல் இல்லையே. ஏன் பொய் சொன்னீங்க?”

அவள் முகம் சிவந்துவிட்டது. கரண்டியைக் கோப்பையில் வைத்தாள்.

“மாத்தயா வந்தது எண்டு சொன்னது பொய்தான் அக்கே. மத்தது பொய் இல்ல. தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. வயலுக்குத் தண்ணி வந்தது. எங்க வீட்டுல. அம்மா சொல்லி அனுப்பினது. அந்த நாளில எனக்கிட்ட வேற நல்லது ஒண்டும் இருக்கல, உங்களுக்குத் தர.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தொட்டால் இழுக்குமென்ற பயம் இல்லாமல் ஒரு மனிதக் கையைப் பிடித்தது, அந்த நோய் வந்தபிறகு அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்பது வேறொரு லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா. கம்பளியும் சட்டிபானையும் யார் யாரோ தந்தார்கள். வீட்டுக்காரர் மாலையில் ஜெபத்துக்கு உட்காருவார், தன் முறை வந்தால் தலையை ஆட்டி, “தாண்டிப் போ,” என்பார். நான் வற்புறுத்தவில்லை. நன்றி வராத இடத்தில் நானும் படுத்துக் கிடந்தவள்தானே. ரூத்தும் நானும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டோம்.

நான் நடக்கத் தேறியதும் தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஆராதனைக்குப் போனோம். கூரையின் ஒரு பக்கம் தகரம் இல்லை. ஆராதனை முடிவில் உபதேசியார் சந்தோஷமாக எழுந்தார்.

“செத்துப் பிழைச்சு வந்திருக்காங்க நம்ம எஸ்தர் அம்மா. சாட்சி சொல்லுங்கம்மா. ஆண்டவர் உங்களை எப்படிக் காப்பாத்தினாருன்னு எல்லாரும் கேக்கட்டும்.”

எழுந்து நின்றேன். முன் பாயில் அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடுவத்தில் என்னோடு வேலை செய்பவள். அவளுடைய ஒரே மகன் டவுனில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். கடையோடு போய்விட்டான். அடக்கம் பண்ண உடல்கூடக் கிடைக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டிருந்த அதே நாளில், அதே டவுனில்.

ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று அவள் முகத்துக்கு முன் எப்படிச் சொல்வது? என்னைக் காப்பாற்றியவருக்கு அவனைத் தெரியாதா? திறந்த வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. இந்தத் தடவை கிருமியால் அல்ல. நான் முன்னே போய், அன்னம்மாள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“சொல்லு எஸ்தரு. என்னைய பாத்து நிப்பாட்டாத. ஒரு வீட்டுலயாச்சும் நல்லது நடந்துச்சின்னு இந்தக் காதால கேட்டுக்கிறேன்.”

காப்பாற்றியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். அன்றைக்கு நடந்ததை மட்டும் சொன்னேன்.

“இன்னைக்கி காலையில ரொட்டிய நானே கடிச்சு, நானே மென்னு, நானே விழுங்குனேன். தேங்கா ருசி தெரிஞ்சிச்சு.”

“ம்,” என்றாள் அன்னம்மாள். “பெறகு?”

நான் யோசித்தேன். அதற்குள் பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. பல வாரமாக நன்றி சொல்ல வாய் திறக்காத என் வீட்டுக்காரரின் குரல்.

“அந்த ரொட்டிய நாந்தாங்க சுட்டேன்,” என்றார். எழுந்து நின்றிருந்தவர் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.